சுன்னாகத்திலிருந்து கொழும்புக்குத் தனியாகப் பழைய ஹொண்டா சீடி 125 பைக்கை ஓட்டிவந்து எக்ஸ்சேஞ்சுக்குக் குடுக்கலாமா?

இரட்டைச்சிலிண்டர்

வணக்கம் உறவுகளே. நான் இருக்கிறது வெள்ளவத்தை, வேலை கோட்டைப் பக்கம். என்ர ஹொண்டா சீடி 125 பென்லி சுன்னாகத்தில வீட்டில நிக்குது. டாஷ் நம்பர் (எழுத்தில்லாமல் நடுவில கோடு போட்ட பழைய இலக்கம்), பதிவுப் புத்தகம் என்ர பேரில, லீசிங் ஒண்டும் இல்லை. வருமான அனுமதிப்பத்திரமும் இன்சூரன்சும் நடப்பில இருக்கு. அங்க ஓடுறதுக்கு இப்ப ஆளில்லை. தம்பி வெளியில போயிட்டான், அம்மா கிழமைக்கு ஒருக்கா பக்கத்து வீட்டுப் பொடியனைக் கூப்பிட்டு ஸ்டார்ட் பண்ணி வைக்கச் சொல்லுறா.

யோசனை இதுதான். ஒரு லீவில போய், நானே தனிய ஓட்டிக்கொண்டு வந்து, கொழும்பில ஒரு கடையில குடுத்து, மேல காசு போட்டு சின்னதாப் புதுசு ஒண்டு எடுக்கிறது. யாழ்ப்பாணத்தில விக்கலாம்தான். ஆனா கேட்டு வந்த எல்லாரும் ஓபன் பேப்பரில, அதாவது வாங்குறவர் பேர் எழுதாத படிவத்தில கையெழுத்து மட்டும் வைச்சுத் தரச்சொல்லிக் கேக்கினம், அது எனக்கு மனமில்லை.

கேள்வி மூண்டு. இந்த வயசு பைக்கில கிட்டத்தட்ட 400 கிலோமீற்றர் ஒரே நாளில வரலாமா? எந்தப் பாதை நல்லம்? கொழும்புக் கடையள் இப்பிடிப் பழைய ஜப்பான் பைக்குக்கு ஒழுங்கான விலை வைக்கினமா? அனுபவப்பட்ட ஆக்கள் சொல்லுங்கோ.

கல்லடிப்பாலம்

தம்பி, ஓடி வாறதுக்கு முதல் ரயிலை யோசிச்சுப் பாருங்க. யாழ்ப்பாணத்து ரயில் 2014 ஒக்டோபர்ல திரும்ப ஓடத் தொடங்கினது. பைக்கைப் பார்சல்ல போடலாம். தாங்கிப் பெற்றோலை வடிச்சுப்போட்டு, லேபல் கட்டிக் குடுத்தாச் சரி. நீங்களும் அதே ரயில்ல ஏறி வந்து கோட்டையில இறக்கி எடுக்கலாம்.

தனிய வாற எண்டதுதான் எனக்குப் பிடிக்கல்ல. வழியில நிண்டு போனா ஆரு உதவி? மதவாச்சி தாண்டினாச் சிங்களம் தெரியாம கராஜ்காரனோட கதைக்கவும் ஏலாது. விக்கப்போற பைக்குக்காக உயிரைப் பணயம் வைக்கிற வேலை தேவையா?

முறிகண்டி

கல்லடி அண்ணை சொல்லுறது விளங்குது. எண்டாலும் சீடி 125 நீட்டுப் பாதைக்குப் பயப்பிடுற சாமான் இல்லை. ரெண்டு சின்னச் சிலிண்டர், அதிர்வு குறைவு. செயின் முழுசா மூடினபடி இருக்கிறதால தூசி மண் போகாது. 60க்கும் 65க்கும் இடையில பிடிச்சால் நாள் முழுக்க ஓடும். அதுக்கு மேல முறுக்கினால் என்ஜின் கொதிக்கும், ஒயில் குடிக்கும். சட்டப்படியே ஊர்மனைக்கு வெளியில பைக்குக்கு 70தான், ஆகவே அவசரப்படுறதில பிரயோசனமும் இல்லை.

நான் ஏ9இல, அதுதான் யாழ்ப்பாணம்-கண்டி ரோட்டில, அடிக்கடி ஓடுறவன், பாதையைப் பற்றிக் கொஞ்சம் விளக்கமாச் சொல்லுறன்.

விடிய 5 மணிக்கு வெளிக்கிடுங்கோ. சாவகச்சேரி, கொடிகாமம், பளை கடக்க நல்லா விடிஞ்சிடும். ஆனையிறவில கவனம். வைகாசியில தொடங்கி புரட்டாதி வரைக்கும் சோளகம், அதுதான் தென்மேற்குக் காற்று, அடிக்கிற காலம், கொழும்புப் பக்கம் போறவைக்கு வலப்பக்கத்தால தள்ளும். ரெண்டு பக்கமும் வெளி, மறிக்க ஒரு மரமில்லை. எதிரில வாற பஸ் காற்றை ஒரு கணம் மறைச்சுத் திருப்பி விடேக்குள்ள ஹாண்டில் ஒருக்கா இழுக்கும். 50க்கு இறக்கி, ரோட்டு நடுக்கோட்டுக்கும் கரைக்கும் சரி நடுவால போங்கோ. கரையோட ஒட்டிப் போனால் தப்புறதுக்கு இடம் இராது.

முறிகண்டியில எல்லாரும் நிக்கிறது, நீங்களும் நில்லுங்கோ. பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைச்சு, கச்சான் வாங்கி, என்ஜினையும் ஆற விடுங்கோ. மாங்குளம், கனகராயன்குளம், புளியங்குளம் பக்கம் பாதை நேராய்க் கிடக்கும், நித்திரை தூக்கும். மாடு குறுக்க வரும். அறுவடை நேரம் எண்டால் ரோட்டில ஒரு பக்கம் முழுக்க நெல்லுக் காயப் போட்டிருப்பினம், அதில முன்பிரேக் பிடிச்சால் சறுக்கும்.

வவுனியாவில சாப்பிட்டு, மதவாச்சியால அநுராதபுரம் வந்து, அங்கயிருந்து புத்தளம் ரோட்டு, அதுதான் ஏ12. நொச்சியாகமை தாண்டிக் கருவலகஸ்வெவ பக்கம் யானை இறங்குற இடம். பகலில பெரிசாப் பிரச்சினை இல்லை, பொழுதுபட்ட பிறகு அதால வராதேங்கோ. இதுக்காகத்தான் விடிய வெளிக்கிடச் சொல்லுறது. புத்தளத்தில ஏ3 பிடிச்சால் சிலாபம், நீர்கொழும்பு, வத்தளை எண்டு நேர கொழும்பு.

அதிவேகப் பாதை இருக்கே எண்டு நினையாதேங்கோ, மோட்டார் சைக்கிளுக்கு அதில அனுமதி இல்லை.

ஸ்கூட்டிக்காரி

முறிகண்டி அண்ணா சொன்ன பாதையில எனக்கு ஒரு மாற்றுக் கருத்து. சிலாபத்துக்குப் பிறகு ஏ3 சரியான நெருக்கம். மாரவில, வென்னப்புவ, நீர்கொழும்பு, ஜா-எல எண்டு விடாமல் ஊர், தனியார் பஸ்காரர் போட்டிக்கு ஓடுவினம். நான் வவுனியாவில இருந்து தனிய ஸ்கூட்டியில வந்தது அநுராதபுரம், தம்புத்தேகம, கல்கமுவ, பாதெனிய வழி. பாதெனியவில இருந்து வாரியபொல, குருநாகல். அங்கயிருந்து கண்டி ரோட்டுக்கு ஏறாமல் நாரம்மல, கிரியுல்ல, மினுவாங்கொட வழியாய் இறங்கினால் தென்னந்தோப்பும் நிழலும். கொஞ்சம் சுத்து, எண்டாலும் ஆள் களைக்காது.

தனிய வாறது பற்றி: பொம்பிளைப் பிள்ளை எண்டு என்னையும் வீட்டில விடேல்லை. நான் செய்தது, நிக்கிற ஒவ்வொரு ஊரிலயும் வீட்டுக்கு ஒரு மெசேஜ், அடுத்த ஊரின்ர பேரோட. அடுத்த மெசேஜ் வரப் பிந்தினால் எங்க தேடுறது எண்டு அவைக்குத் தெரியும். துணைக்கு ஒராள் வந்தால் அவருக்காக நிக்கவும் வேணும், அவருக்காக ஓடவும் வேணும். தனிய எண்டால் உடம்பு கேக்கிற இடத்தில நிக்கலாம்.

இன்னொண்டு, இது கடை விசயம். கடைக்குப் போன உடன பழைய பைக் குடுக்கப் போறன் எண்டு சொல்லாதேங்கோ. முதல்ல புதுசின்ர காசு விலையைக் கேட்டு எழுதி வாங்குங்கோ, பிறகு பழசைக் காட்டுங்கோ. இல்லாட்டி பழசுக்கு நல்ல விலை வைச்ச மாதிரிக் காட்டி, அந்தக் காசைப் புதுசில ஏத்திவிடுவினம். ரெண்டு விலையும் வேற வேறயாக் கையில இருந்தால்தான் உண்மையில என்ன கிடைக்குது எண்டு தெரியும்.

பாட்ஸ்கடை

தம்பி, நான் பஞ்சிகாவத்தைல பழைய ஹொண்டா பாட்ஸ் விக்கிற ஆள். சீடி 125 எண்டா எனக்குப் புள்ள மாதிரி. நீங்க கேட்ட விலை விசயத்துக்கு நான் சொல்றன்.

கடைக்காரன் பெயின்ட்டப் பாக்க மாட்டான். மூணு சாமான் பாப்பான். முதல்ல சேசி நம்பரும் என்ஜின் நம்பரும் புத்தகத்தோட பொருந்துதா? இந்த பைக்குகள்ல என்ஜின் மாத்தினது நிறைய. மாத்தினது பிழையில்ல, மாத்தினதப் புத்தகத்துல பதியாம விட்டதுதான் பிழை. பொருந்தல்லண்டா அந்த இடத்துலயே விலை விழும், நேர்மையான கடை எடுக்கவே மாட்டான். கம்பிப் பிரஷ்ஷால துடைச்சிட்டு நீங்களே முதல்ல பாருங்க.

ரெண்டாவது, தேஞ்ச சிலிண்டரப் போர் பண்ணி, அதாவது உள்ளால கடைஞ்சு பெருசாக்கி, எந்த ஓவர்சைஸ்ல நிக்குது? பிஸ்டன் வாரது 25, 50, 75, 100 எண்டு. ஒரு மில்லிமீற்றர்ல நூத்துல எத்தினைங்கிற கணக்கு அது. 100ல நிக்கிற என்ஜினுக்கு அடுத்த தடவ போர் பண்ண இடமில்ல, ஸ்லீவ் அடிக்கணும். வடக்குப் பக்கத்துப் பழைய பைக்குகள்ல இது முக்கியம், ஏனெண்டா யுத்த நேரம் பெற்றோலுக்குத் தடை இருந்த காலத்துல மண்ணெண்ணெய்ல ஓடி என்ஜின் தேஞ்சி, அப்பயே ஒண்டு ரெண்டு தடவ போர் பண்ணினது நிறைய. உங்கட கராஜ் பாஸ்கிட்ட கேட்டா சொல்லுவாரு.

மூணாவது, குளிர் என்ஜின்ல ஸ்டார்ட். ஓட்டிக்கொண்டு போய் சூட்டோட நிப்பாட்டினா அவன் அத நம்ப மாட்டான், நாளைக்குக் காலைல கொண்டு வாங்கண்டு சொல்லுவான்.

2020 மார்ச்ல வாகன இறக்குமதிய நிப்பாட்டினதுல இருந்து பழைய பைக்குக்கு மவுசு. 2022ல பெற்றோல் தட்டுப்பாட்டுக்குக் கியூஆர் போட்டு பைக்குக்குக் கிழமைக்கு 4 லீற்றர்ண்டு குடுத்தப்போ, மூலைல கிடந்த சீடியெல்லாம் வெளியில வந்திச்சி. என்ட கடைல காபரேட்டர் கிட் ஒண்டும் மிஞ்சல்ல. 2025 பெப்ரவரில இறக்குமதி திறந்த பொறகு புதுசு வர வர, எக்ஸ்சேஞ்ச்ல பழசுக்குக் குடுக்கிற விலைல கடைக்காரங்க கைய இறுக்கிட்டாங்க. விரும்பி வச்சிருக்கிற ஆளுக்கு வித்தா இன்னும் நல்ல விலை போகும், அதுக்குப் பொறுமை வேணும்.

ஹட்டன்மழை

எல்லாரும் பாதையையும் என்ஜினையும் பத்திச் சொல்லிட்டீங்க. நான் கொழும்புல லீசிங் சைட்ல வேலை செய்றேன். பேப்பர் விஷயத்துல அண்ணன் எடுத்த முடிவு ரொம்பச் சரி. அதக் கடைசி வரைக்கும் விடாதீங்க.

ஓபன் பேப்பர்னா என்ன நடக்குது? நீங்க உரிமை மாத்துற படிவங்களான எம்.டி.ஏ 6லயும் 8லயும் கையெழுத்துப் போட்டு, வாங்குறவர் பேரு இருக்கிற இடத்தை வெறுமையா விட்டுக் குடுக்கிறீங்க. கடைக்காரர் அத வச்சே இன்னொருத்தருக்கு விக்கிறார், அவர் இன்னொருத்தருக்கு. யாருமே பேரு மாத்தல. சட்டப்படி புது உரிமையாளர் 14 நாளுக்குள்ள பதியணும். ஆனா வெறுமையான படிவத்துல திகதியும் வெறுமைதானே, 14 நாள் எப்ப தொடங்குதுன்னு யாரு கேக்கிறது?

அந்த நேரம் முழுக்க மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துப் பதிவுல நீங்கதான் உரிமையாளர். யாராவது மோதிட்டு ஓடினா பொலிஸ் வாறது சுன்னாகத்து வீட்டுக்கு, உங்க அம்மாகிட்ட. 2024 ஜனவரியில இருந்து கொழும்புல சிசிடிவி பாத்து வீதிக் குற்றம் பிடிக்கிறாங்க. அந்தக் கடிதமும் பதிவுல இருக்கிற உரிமையாளரைத் தேடித்தான் வரும். நீங்க பைக்கைக் குடுத்து எவ்வளவு காலம் ஆச்சுன்னு கெமராவுக்குத் தெரியாது.

அதனால, எக்ஸ்சேஞ்ச் பண்ற கடை தன்னோட பேரையோ கடைசியா வாங்குற ஆளோட பேரையோ எழுதாம, வெறும் கையெழுத்து மட்டும் கேட்டா எழும்பி வந்துருங்க. விலை எவ்வளவு நல்லா இருந்தாலும் சரி.

புதுசு லீசிங்ல எடுத்தா அதுல முழு உரிமையாளர்னு கம்பனி பேரு விழும், நீங்க பதிவு உரிமையாளர். கட்டி முடிஞ்சதும் விடுவிப்புக் கடிதம் வாங்கி அந்தப் பேரை எடுக்கணும். நிறையப் பேர் கடைசித் தவணை கட்டின சந்தோஷத்துல இத மறந்துட்டு, விக்கப் போற அன்னைக்கு ஓடித் திரியிறாங்க.

கல்லடிப்பாலம்

ஹட்டன் தம்பி, நீங்க சொல்ற சட்டம் சரி. ஆனா நாட்டு நடப்பு அப்படி இல்லயே. நான் வித்த ரெண்டு பைக்கும் ஓபன் பேப்பர்தான், ஒரு பிரச்சினையும் வரல்ல. எல்லாக் கடையும் அப்படித்தான் கேக்கும். நாராஹேன்பிட்டித் திணைக்களத்துக்குப் போய் வரிசையில நிக்க ஆருக்கு நேரம் இருக்கு? பேர் எழுதித்தான் தருவன் எண்டு நிண்டா, இந்தப் பைக் கொழும்பிலயும் விக்காமக் கிடக்கும்.

ஹட்டன்மழை

அண்ணே, வரிசையில நிக்க வேண்டியது வாங்குறவர், நீங்க இல்ல. உங்களுக்கு வேலை, நிரப்பின படிவத்துல கையெழுத்துப் போடுறதும், எம்.டி.ஏ 8ஐத் திணைக்களத்துக்கு அனுப்பிட்டு அதன் பிரதியைக் கையில வச்சுக்கிறதும்தான். அரைமணித்தியால வேலை. பிரச்சினை வரலைன்னு சொல்றீங்க, சந்தோஷம். எங்க ஒஃபிசுக்கு வர்ற ஆளுங்க பிரச்சினை வந்தவங்க. வித்த பைக் ஒண்ணு களவுக் கேஸ்ல மாட்டி, வித்தவர் வேலைக்கு லீவு போட்டு நீதிமன்றத்துக்கு அலைஞ்சதை நான் நேர்ல பாத்திருக்கேன். அந்த மனுஷன் பண்ணின ஒரே குற்றம் வெறும் படிவத்துல கையெழுத்துப் போட்டது.

இரட்டைச்சிலிண்டர்

எல்லாருக்கும் நன்றி. பாட்ஸ்கடை அண்ணை, வாற கிழமை ஊருக்குப் போறன். பக்கத்து வீட்டுப் பொடியனிட்ட சொல்லி நம்பர் ரெண்டையும் படம் எடுப்பிச்சன், புத்தகத்தோட பொருந்துது. பாஸ் சொல்லுறார் 50இல நிக்குதாம்.

கல்லடி அண்ணை, நீங்கள் என்னில அக்கறையாச் சொல்லுறீங்கள் எண்டு தெரியும். ரயிலையும் விசாரிச்சன். ஆனா இந்த பைக்கை விக்கிறதுக்கு முதல் ஒரு நாள் முழுக்க ஓட வேணும் எண்டு எனக்கு ஆசை இருக்கு. 2006 ஓகஸ்ட்டில ஏ9 பூட்டினதுக்குப் பிறகு எத்தினையோ காலம் இந்தப் பாதையால வரேலாமல் இருந்த ஆக்கள் நாங்கள். வரலாம் எண்டு இருக்கேக்குள்ள வர வேணும்.

முறிகண்டி

நல்லது தம்பி. கொண்டு போக வேண்டியது: கிளச் கேபிள், அக்சிலேட்டர் கேபிள், ரெண்டு பிளக், பிளக் சாவி, ஒரு டியூப், அரை லீற்றர் ஒயில். புது ஒயில் ஊத்தி ஒருக்கா ஊருக்குள்ள ஓடிப்பாத்துட்டு வெளிக்கிடுங்கோ. பெற்றோல் டப்பை ரிசேவில விட்டிட்டு ஓடாதேங்கோ.

இரட்டைச்சிலிண்டர்

வந்து சேர்ந்திட்டன். வந்த கதையை எழுதுறன்.

விடிய வெளிக்கிட்டன், ஆனையிறவில சோளகம் நல்லா அடிச்சுது. முறிகண்டி அண்ணை சொன்ன நடுப்பாதைக் கணக்குத்தான் கை குடுத்தது. பரந்தன் வரைக்கும் தோள் ரெண்டும் இறுகிப் போச்சு. முறிகண்டியில தேங்காய் உடைச்சு, கச்சான் சுருள் ஒண்டை ஜக்கெட்டுப் பைக்குள்ள வைச்சுக்கொண்டு வவுனியா வரைக்கும் நிக்காமல் வந்தன். அந்தத் துண்டில பைக் ஓடின ஓட்டம் எனக்கு மறக்காது. 60இல ஒரே சத்தம், ஒரே இழுவை. கனகராயன்குளத்துக்குப் பிறகு காடு ரெண்டு பக்கமும் குளிர்மையா இருந்துது.

அநுராதபுரத்தில நிண்டு யோசிச்சன், புத்தளமா குருநாகலா எண்டு. நேரம் காணும், வெய்யில் நல்லா ஏறியிருந்துது. யானைப் பக்கத்தைப் பகலிலயே கடக்கலாம் எண்டு புத்தளம் ரோட்டால வந்தன்.

நொச்சியாகமை தாண்டினதும் இழுவை பாதியாக் குறைஞ்சுது. பைக் ஓடுது, ஆனா மேடு ஏறுதில்லை. ஒரு கடைக்கு முன்னால நிப்பாட்டி, எந்தச் சிலிண்டர் அடங்கினது எண்டு பார்க்க ரெண்டு சைலன்சர் குழாயிலயும் தலைப்பக்கம் தண்ணி தெளிச்சன். வலப்பக்கம் சீறிச்சுது, இடப்பக்கம் சும்மா வழிஞ்சுது. இந்த மொடலில ரெண்டு சிலிண்டரின்ர பிளக்குக்கும் கரன்ட் குடுக்கிறது ஒரே பொயின்ட், ஒரே இக்னிஷன் கொயில். பொயின்ட்டில பிழை எண்டால் ரெண்டும் சேர்ந்து சாகும். ஒண்டு மட்டும் எண்டால் பிளக், பிளக் தொப்பி, இல்லாட்டி வயர். பிளக்கைக் கழட்டினன், கரி பிடிச்சு ஈரமாக் கிடந்தது. புதுசு போட்டன், வந்திட்டுது. ஆனா கொஞ்சத் தூரத்தில திரும்பவும் அடங்கிச்சுது.

ரோட்டோரம் ஒரு கராஜ். ஒரு ஐயாவும் ஒரு சின்னப் பொடியனும். என்ர சிங்களம் கோட்டைப் பக்கம் பஸ்ஸில ஏறி இறங்கப் பழகினது, என்ஜின் கதைக்குக் காணாது. ஐயாவுக்குத் தமிழ் இல்லை. ஆனா "பிளக்", "கேப்", "கரன்ட்" எல்லாம் ரெண்டு பேருக்கும் ஒண்டுதானே. அவர் தொப்பியை வயரில இருந்து திருகிக் கழட்டி, வயர் நுனியில அரை அங்குலம் வெட்டி, பச்சை பிடிச்ச செம்பை எறிஞ்சிட்டு, புதுச் செம்பில தொப்பியைத் திருகி மாட்டினார். அவ்வளவுதான். காசு எவ்வளவு எண்டு கேட்டன், கையை ஆட்டிப்போட்டு உள்ள போயிட்டார். பொடியனிட்டத்தான் கட்டாயப்படுத்திக் குடுத்தன். கல்லடி அண்ணைக்கு இதைச் சொல்ல வேணும்: மொழி தெரியாட்டி நிண்டு போவம் எண்ட பயம் எனக்கும் இருந்தது. அந்த ஐயாவின்ர இடத்தில நிண்ட பிறகு அது இல்லை.

புத்தளத்தில சாப்பாடு. சிலாபத்துக்குப் பிறகு ஸ்கூட்டிக்காரி சொன்னது முழுக்க உண்மை. வென்னப்புவவில இருந்து வத்தளை வரைக்கும் வந்த களைப்பு, சுன்னாகத்தில இருந்து புத்தளம் வரைக்கும் வந்ததை விடக் கூட. காற்றில குளிர்ற என்ஜின், பேலியகொடை நெரிசலில நிக்கேக்குள்ள நல்லாக் கொதிச்சுது. ரெண்டு இடத்தில ஓரம் கட்டி நிப்பாட்டினன். பொழுதுபடுறதுக்கு முதல் வெள்ளவத்தை வந்தாச்சு. பெற்றோல் லீற்றருக்கு நாற்பது கிலோமீற்றருக்கு மேல ஓடிச்சுது.

ஸ்கூட்டிக்காரி

வாசிச்சு முடிக்கத்தான் எனக்கும் மூச்சு வந்தது. அந்த வயர் நுனி விசயத்தை எல்லாரும் குறிச்சு வைச்சுக்கொள்ளுங்கோ. ஊரில சும்மா நிக்கிற பைக்குகளில உப்புக்காற்றால இது கட்டாயம் வரும்.

கல்லடிப்பாலம்

சேர்ந்தது சந்தோசம் தம்பி. அந்த ஐயா நல்லா இருக்கட்டும். மறுகா கடையில என்ன சொன்னானுகள்?

இரட்டைச்சிலிண்டர்

சொல்லுறன் அண்ணை.

முதல் போனது ஹைலெவல் ரோட்டுப் பக்கம் ஒரு கடை. பேர் வேண்டாம். பாட்ஸ்கடை அண்ணை சொன்ன ஒழுங்கு மாறவே இல்லை: புத்தகம், டோர்ச் அடிச்சு சேசி நம்பர், கம்பிப் பிரஷ், என்ஜின் நம்பர். ஓடிக்கூடப் பார்க்கேல்லை. நான் 400 கிலோமீற்றர் இதில வந்தனான் எண்டு சொன்னதுக்கு அவருக்கு ஒரு உணர்ச்சியும் இல்லை. எனக்கு அது கொஞ்சம் நோவாத்தான் இருந்தது. அந்த ஓட்டம் என்ர கணக்கில பெரிய சான்று, அவற்ற கணக்கில அது இல்லை. வெளியில தனி ஆளுக்கு வித்தால் வாறதை விட நாலில ஒரு பங்கு குறைச்சு விலை சொன்னார். பிறகு படிவத்தை நீட்டி, வாங்குறவர் பேர் இருக்கிற இடத்தில கையை வைச்சு மறைச்சுக்கொண்டு, "இங்க மட்டும் சைன் பண்ணுங்க" எண்டார்.

கடையின்ர பேரை எழுதுங்கோ எண்டன். ஏலாதாம், அப்பிடி எண்டால் புத்தகத்தில ஒரு உரிமையாளர் கூடி, அடுத்த ஆளுக்கு விக்கேக்குள்ள விலை குறையுமாம். அவற்ற பக்கத்தில அது உண்மையான நட்டம்தான், நான் மறுக்கேல்லை. ஆனா அந்த நட்டத்தைத் தவிர்க்க என்ர பேரை ஏன் அவர் பாவிக்க வேணும்? எழும்பி வந்திட்டன்.

அடுத்த கடையிலயும் அதே கதை. மூண்டாவது கடை வத்தளைப் பக்கம், சின்ன இடம். அங்க ஸ்கூட்டிக்காரி சொன்னபடி முதல்ல புதுசின்ர காசு விலையை எழுதி வாங்கினன். பழசுக்கு முதல் கடையை விடக் கொஞ்சம் குறைச்சுத்தான் சொன்னார். ஆனா புதுசின்ர விலையில ஏத்தம் இல்லை, ரெண்டையும் சேர்த்துக் கூட்டினால் முதல் கடையை விட நான் குடுக்க வேண்டிய மிச்சக் காசு குறைவு. பேர் எழுதுறதுக்கு அவர் ஒரு யோசனை சொன்னார். பைக்கைத் தன்ர கடையில வைச்சுக்கொண்டு, வாங்குற ஆள் வாறவரைக்கும் சாவியையும் புத்தகத்தையும் நான் வைச்சிருக்கலாம். ஆள் வந்தவுடன நானும் வந்து, அந்த ஆளின்ர பேரில நேரடியாப் படிவம். அதுவரைக்கும் புதுசை நான் எடுக்கேலாது. நான் ஒத்துக்கொண்டன்.

ஒரு ஆள் வந்தார், கந்தானையில சொந்தமாப் பழைய ஹொண்டா சேர்த்து வைச்சிருக்கிறவர். அவர்தான் ஓடிப் பார்த்தார், அவர்தான் அந்தச் சத்தத்தைக் கேட்டிட்டுச் சிரிச்சார். எனக்கு முன்னால எம்.டி.ஏ 6இலயும் 8இலயும் தன்ர பேர், அடையாள அட்டை இலக்கம், திகதி எல்லாம் எழுதினார். பிறகுதான் சாவி கை மாறினது.

பாட்ஸ்கடை

மாஷா அல்லாஹ், நல்ல கைக்குப் போயிருக்கு. அந்தச் சேர்த்து வைக்கிற ஆள் எப்படியும் என்ட கடைக்கு வருவாரு. முதல் கடைக்காரன் ஓடிப் பாக்காததுக்குக் கவலப்படாதீங்க தம்பி. அவன் நாளைக்கே விக்கப் போறவன், அவனுக்குப் பேப்பர்தான் பைக்.

தீவகத்தான்

இந்த இழையை முழுக்க வாசிச்சன். எனக்கும் ஊர்காவற்றுறையில ஒரு பழைய ஹொண்டா எம்.டி 90 பைக் நிக்குது. இடப்பெயர்வில புத்தகம் துலைஞ்சு போச்சு. இதே மாதிரிக் கொழும்புக்கு ஓட்டிவந்து எக்ஸ்சேஞ்ச் பண்ணலாமா?

ஹட்டன்மழை

இப்ப ஏலாதுங்க. புத்தகம் இல்லாம ஒழுங்கான கடை எதுவும் தொடாது. முதல்ல பொலிஸ்ல துலைஞ்சதுன்னு முறைப்பாடு போட்டுப் பிரதி எடுங்க, பிறகு திணைக்களத்துல மாற்றுப் பதிவுச் சான்றிதழுக்கு விண்ணப்பியுங்க. அதுக்கு முன்னாடி திணைக்கள இணையத்தளத்துல வாகன விபரம் பாக்கிற வசதியில உங்க நம்பரைப் போட்டுப் பாருங்க. முழு உரிமையாளர்னு எதாவது பழைய பேரு கிடந்தா அதையும் தீர்க்க வேண்டி வரும். வருமான அனுமதிப்பத்திரம் நிறைய வருஷமா எடுக்கலைன்னா நிலுவையும் தண்டமும் இருக்கும். அனுமதிப்பத்திரமும் இன்சூரன்சும் இல்லாம ஏ9ல ஒரு கிலோமீற்றர் கூட ஓடாதீங்க.

தீவகத்தான்

விளங்குது. நன்றி. இரட்டைச்சிலிண்டர் அண்ணா, சாவி குடுக்கேக்குள்ள நீங்கள் ஏதும் கடிதம் வாங்கினீங்களா? அதின்ர வசனத்தைப் போட்டால் எல்லாருக்கும் உதவும்.

இரட்டைச்சிலிண்டர்

ஓம் தம்பி, வாங்கினன். ரெண்டு பிரதி, ரெண்டிலயும் ரெண்டு பேரும் கையெழுத்து, கடைக்காரர் சாட்சி. நேரத்தையும் மீற்றரையும் கட்டாயம் எழுதுங்கோ. அதே நாளில ஏதும் நடந்தால் எத்தினை மணிக்குக் கை மாறினது எண்டது முக்கியம். பேரும் இலக்கமும் எடுத்துப்போட்டு வசனத்தைப் போடுறன்:

"... இலக்கமுடைய ஹொண்டா சீடி 125 மோட்டார் சைக்கிளை, அதன் பதிவுச் சான்றிதழ் மூலப்பிரதி, நடப்பு வருமான அனுமதிப்பத்திரம், சாவி ஆகியவற்றுடன், ... ஆம் திகதி ... மணிக்கு, மீற்றர் அளவு ... கிலோமீற்றராக இருக்கும்போது, ... அடையாள அட்டை இலக்கமுடைய ... ஆகிய நான் பதிவு உரிமையாளரிடமிருந்து பொறுப்பேற்றுக்கொண்டேன். இந்நேரம் முதல் இவ்வாகனத்தால் ஏற்படும் எந்த விபத்துக்கும் குற்றத்துக்கும் நானே பொறுப்பு. 14 நாட்களுக்குள் எனது பெயரில் பதிவு செய்வேன். எம்.டி.ஏ 6, எம்.டி.ஏ 8 படிவங்கள் எனது பெயரிட்டு நிரப்பப்பட்ட பின்னரே கையொப்பமிடப்பட்டன."

இதோட அவற்ற அடையாள அட்டையின்ர ரெண்டு பக்கமும், புத்தகத்தின்ர ரெண்டு பக்கமும் படம் எடுத்து வைச்சிருக்கிறன். இன்சூரன்சுக்கும் அண்டைக்கே அறிவிச்சிட்டன். கந்தானைக்காரர் 14 நாளுக்குள்ளயே பேர் மாத்திப்போட்டு, புதுப் புத்தகத்தின்ர படத்தை அனுப்பினவர்.